உப்பிய கூடு

ஹாலெட் க்ரீக், மொன்டானா
ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை

அன்புள்ள கோல்பி,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். கடிதம் என்றால் முதலில் அதைத்தானே எழுதவேண்டும், எழுதிவிட்டேன். நீயும் என் பேத்தி ஜூனிக் குட்டியும் நலம் என்று மருமகள் மரிசா போனில் சொன்னாள். அவள் சொன்ன மற்ற விஷயங்களுக்குப் பிறகு வருகிறேன்.

இங்கே மழை இல்லை. மேற்கே காடு எரிகிற புகை ஒரு வாரமாக ஊருக்குள் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. துவைத்த துணியை வெளியே காயப்போட முடியவில்லை. வேலியோரத்துச் செர்ரி இந்த வருஷம் அப்படிக் காய்த்திருக்கிறது, பதினான்கு பாட்டில் ஜாம் போட்டாயிற்று, தின்னத்தான் ஆள் இல்லை. பட் ஹாகனுக்கு முழங்கால் மாற்றினார்கள். துப்பாக்கி ரேஞ்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுடுகிறவர்களை எல்லாம் அதட்டிக்கொண்டிருக்கிறார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒரே ஒரு டயர மாத்தின பழைய வண்டி மாதிரி இருக்கேன் வெர்லா, ஒரு பக்கமா இழுக்குது" என்றார்.

அவர்தான் இதற்கெல்லாம் காரணம். வசந்தகாலத்திலிருந்து உன் அப்பாவை இடக்கையால் சுடப் பழக்கிக்கொண்டிருக்கிறார். கடையில் வாங்கிய தோட்டாவை வைத்துத்தான் பழகினார்கள், அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை. போன சனிக்கிழமை பார்த்தால் உன் அப்பா கீழறைக்குப் போய், தோட்டா நிரப்புகிற பிரஸ்மேல் ஆறு வருஷமாகக் கிடந்த தார்ப்பாயை இழுத்துப்போட்டு, அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். செப்டம்பர் பதினான்காம் தேதி கிளப் போட்டியாம். "கடைத் தோட்டா எல்லாரும்தான் சுடுவான். நம்ம வீட்டுக்கு நம்ம தோட்டா" என்றார்.

ரேஞ்சில் பொறுக்கிய, சுட்டுமுடித்த தோட்டாக்களின் காலிக் கூடுகளை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தார். கீழே அந்தப் பழைய பச்சைத் துண்டைக்கூட விரித்திருந்தார். மஃபின் சுடுகிற தட்டையும் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தார், நல்லது ஒரு குழி, விரிசல் ஒரு குழி, சந்தேகம் ஒரு குழி என்று நான் பிரித்துப் போடுவேனே, அதற்கு. "பாத்துக் குடு வெர்லா" என்று சொல்லிவிட்டுக் காபி ஊற்றிக்கொள்ளப் போய்விட்டார். இடையில் ஆறு வருஷம் ஓடியதே அவர் கணக்கில் வரவில்லை.

ஒரு கைப்பிடி அள்ளிக் காதோரம் குலுக்கினேன். காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. விரிசல் விட்ட கூடு இரண்டு, கீறிய கோப்பையைத் தட்டியதுபோல் சத்தம் கொடுத்தன, எடுத்துப்போட்டேன். அதற்கப்புறம் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன். கோழிக்குத் தண்ணீர் வைத்தேனா என்று சந்தேகம் வந்து எழுந்து போனேன். இப்படியே மூன்று நாள் ஆகிவிட்டது. வாளி மேசையிலேயே இருக்கிறது. அதற்கு இந்தப்பக்கம் நானும் அந்தப்பக்கம் அவருமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவருடைய வலக்கை ஆள்காட்டி விரல்தான் மடங்காதே, தட்டில் கை வைத்தால் அது பாட்டுக்கு யாரையாவது காட்டிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் உன் நாற்காலியைக் காட்டும். வாளி வந்ததிலிருந்து அவர் உட்காரும் வாட்டம் மாறி, என்னைக் காட்டுகிறது.

மரிசா சொன்னதை எழுதுகிறேன். அவள்மேல் கோபப்படாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நீ அடுப்பைப் பதினோரு தடவை பார்க்கிறாயாமே. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலையைத் தானாகக் கொடுத்தும் வேண்டாம் என்றுவிட்டாயாமே. ஜூனியைக் குளிப்பாட்டவே மாட்டாயாமே. ஏன் என்று கேட்டால் "என் கைய நம்ப முடியாது மரிசா, அது என்ன செய்யும்னு எனக்கே தெரியாது" என்கிறாயாம். அவள் அழுதுகொண்டே சொன்னாள். நான் போனை வைத்துவிட்டு, ஜாம் கொதிக்கிற சட்டியைக் கிண்டாமல் நின்று அடிப்பிடிக்க விட்டேன்.

அந்த அக்டோபரில் நீ கீழறையில் உட்கார்ந்து கூடுகளுக்கு வெடிமருந்து போட்டாயே, அப்போது நடுவில் மரிசாவின் போன் வந்தது. அதற்குப் பிறகு ஒரு கூட்டில் இரண்டு தரம் மருந்து விழுந்ததாக உனக்கு நிஜமாகவே ஞாபகம் இருக்கிறதா? அல்லது அப்பா சொன்னதால் நீயும் அப்படித்தான் இருக்கும் என்று ஒத்துக்கொண்டாயா? யோசித்துப் பார்.

இன்னும் ஒன்று எழுதவேண்டும். தபால் வண்டி சத்தம் கேட்கிறது. ஜூனிக்கு என் முத்தம்.

உன் அம்மா,
வெர்லா


ஹாலெட் க்ரீக்
ஆகஸ்ட் 15, வியாழக்கிழமை

அன்பு மகன் கோல்பிக்கு,

திங்கட்கிழமை தபால் வண்டி வரவே இல்லை. நானாகத்தான் வந்ததாக எழுதிக் கடிதத்தை மூடிவிட்டேன். இன்றைக்கு அப்படிச் செய்யப்போவதில்லை. உன் அப்பா பட்டோடு ரேஞ்சுக்குப் போயிருக்கிறார், வர மூன்று மணி ஆகும். அதற்குள் எழுதி, நானே கொண்டுபோய்ப் போட்டுவிடுவேன்.

அன்றைக்கு உன் அப்பாவின் துப்பாக்கி அவர் கையிலேயே வெடித்ததற்கு நீ காரணம் இல்லை. நான்தான் காரணம்.

எழுதிவிட்டேன். எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நம் வீட்டு வேலைப்பங்கீடு உனக்குத் தெரியும். நான் கூடுகளைப் பார்த்துக் கொடுப்பேன், அப்பா அச்சுக்குள் தள்ளி நேராக்குவார், நீ மருந்து போட்டுக் குண்டு வைப்பாய். பார்க்கிற வேலை எப்போதும் முதலில். கழுவுவதற்கு முன்னால், அச்சில் ஏறுவதற்கு முன்னால். ரேஞ்சுத் தரையில் பொறுக்குகிற கூடு எவன் எவன் துப்பாக்கியிலிருந்தோ விழுந்தது. சிலவற்றில் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே ஒரு பக்கம் உப்பியிருக்கும். அந்த இடத்தில் பித்தளை இளைத்துப்போயிருக்கும். அச்சில் போட்டால் உப்பல் போய்ப் புதுசு மாதிரி வெளியே வரும், இளைத்தது இளைத்ததுதான். அதற்கப்புறம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் நான் ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தப்பியது என் விரலுக்குத் தப்பாது என்று கிளப் முழுக்கப் பேர்.

அந்த வருஷம் ஏப்ரலில் டாக்டரம்மா என் விரல் நுனிகளை ஊசியால் குத்திப் பார்த்தார். சர்க்கரையால் உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது என்றார். குத்தியதே எனக்குத் தெரியவில்லை, கோல்பி. உன்னிடமும் சொல்லவில்லை, உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. மாத்திரையை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். கூடுகளை உருட்டுவதை மட்டும் விடவில்லை. உருட்டினேன், தட்டில் போட்டேன், உருட்டினேன், போட்டேன். ஒன்றும் தெரியாமலே உருட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா அதற்கு முந்திய கிறிஸ்மஸுக்கு ஒரு துளைக்கட்டை வாங்கிக் கொடுத்தாரே, நல்ல கூடு என்றால் துளைக்குள் முழுசாக இறங்கும், உப்பியது என்றால் பாதியில் நிற்கும், ஞாபகம் இருக்கிறதா? "என் விரல விடவா இந்த இரும்புக்குத் தெரியும்?" என்று சிரித்துவிட்டு அதைக் கரண்டி டிராயருக்குள் தூக்கிப்போட்டேன். நீங்கள் இரண்டு பேரும் என்னோடு சேர்ந்து சிரித்தீர்கள். விரல் மரத்த பிறகு அதை ஒரே ஒரு நாள் வெளியே எடுத்திருந்தால் போதும். எடுத்தால் ஏன் என்று கேட்பீர்கள். அந்த மேசையில் எனக்கென்று இருந்த ஒரே வேலை அது. போய்விடும் என்று பயந்தேன்.

வெடித்த அன்று எல்லோரும் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார்கள். நீ அவர் கையைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் அவர் நின்ற இடத்துச் சரளைக்கல்லில் மண்டியிட்டுத் தேடினேன். கண்ணாடியைத் தேடுவதாக பட் நினைத்தார். வெடித்த கூட்டைத் தேடினேன். கிடைத்தது. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அதைப் பார்த்தேன். மருந்து இரண்டு தரம் விழுந்திருந்தால், கூட்டின் அடியில் பொட்டுபோல இருக்கும் பிரைமர் நசுங்கித் தட்டையாகிவிடும், சில சமயம் கழன்றே விழும். இந்தப் பொட்டு ஓரம் உருண்டையாக, அழகாக, இருந்தபடி இருந்தது. மருந்து சரியாகத்தான் விழுந்திருக்கிறது. கிழிந்தது பக்கவாட்டில், அடிக்குச் சற்று மேலே, உப்புகிற அதே இடத்தில். யாரோ வாய் திறந்து சிரிப்பதுபோல ஒரு கிழிசல். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

வெளியே வந்தேன். கட்டுப்போட்ட கையோடு உன் அப்பா உன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். "போன்ல கொஞ்சிக்கிட்டே மருந்து போட்டா இப்படித்தான் ஆகும். ஒரு வேலைய ஒழுங்கா செய்ய வக்கில்ல" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு "நான்தான் போட்டிருப்பேன்ப்பா" என்றாய். என் பையில் அந்தக் கூடு இருந்தது. ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும், நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஏன் என்று ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் அசிங்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நான் அவரோடு ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணவேண்டும். ஸ்பேனரைப் பிடித்தே வயிறு வளர்த்த மனுஷனின் கையை நான் கெடுத்துவிட்டேன் என்று தெரிந்தால், தினமும் காலையில் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன்? நீ இளவட்டம், கொஞ்ச நாளில் மறப்பாய், தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். பிப்ரவரியில் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு டுலூத்துக்குக் கிளம்பியபோதும் அப்படித்தான் நினைத்தேன். நீ தாங்குகிற லட்சணம் பதினோரு தடவை அடுப்பைப் பார்ப்பது என்று மரிசா சொல்லித்தான் தெரிந்தது.

கூடு என் பித்தான் டப்பாவில் இருக்கிறது. உனக்கு அனுப்பவில்லை, அதை முதலில் உன் அப்பா பார்க்கவேண்டும். இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்து அவரிடம் சொல்வேன். உனக்கு முதலில் எழுதியது, பிறகு எனக்குப் பின்வாங்க வழி இருக்கக்கூடாது என்பதற்காக.

உன் கையில் ஒரு குற்றமும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லை என்றாலும் இது உண்மை.

அம்மா


ஹாலெட் க்ரீக்
ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை

கோல்பி கண்ணு,

சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை சொல்ல முடியவில்லை, அவர் பத்துக்கு எட்டு சுட்ட சந்தோஷத்தில் வந்தார். வெள்ளிக்கிழமை வாயைத் திறந்து, புகையைப் பற்றிப் பேசிவிட்டு மூடிக்கொண்டேன். நேற்றுக் காலை அப்பம் சாப்பிட்டு முடித்ததும், "இந்த வாளிய எப்பத்தான் பாப்ப? நானே அச்சுல போட்டுக்கட்டுமா?" என்று எழுந்து வாளியைத் தூக்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆர்லோ, வேணாம். என் விரலுக்கு ஒண்ணும் தெரியல. ஆறு வருஷத்துக்கு மேலாவே தெரியல" என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். என்னை உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு கூடாக என் கையில் கொடுத்து, "இது?" "இது?" என்று கேட்டார். நான் உருட்டி உருட்டி, நல்லது, நல்லது என்றேன். ஏழாவதில் அவர் குரல் மாறியது. கண்ணைத் திறந்து பார்த்தேன். கண்ணுக்கே தெரிகிற அளவு உப்பியிருந்தது, அதைத்தான் நல்லது என்று சொல்லியிருக்கிறேன்.

பித்தான் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தேன். பித்தான்களுக்கு நடுவிலிருந்து அந்தக் கூட்டை அவரே பொறுக்கி எடுத்தார். பூதக்கண்ணாடியை இடக்கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "பிரைமர் உருண்டையா இருக்கு" என்றார். ஆமாம் என்றேன். திரும்பவும் பார்த்தார். நான் அவர் கத்துவதற்காகக் காத்திருந்தேன். தட்டை எறிவார் என்றுகூட நினைத்து, மனதுக்குள் அதன் சில்லுகளைப் பெருக்கி அள்ளியும் விட்டேன்.

அவர் கத்தவில்லை. போய்க் கொட்டகைக்கு வெளியே வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவி போடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். அரைமணி பொறுத்து நானும் போய் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக முன்னால் புகையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன், அப்படித்தான் எழுதவேண்டும் என்று அவரே சொன்னார்.

"அன்னிக்கு ஒரு கூடு அச்சுல முரண்டு பிடிச்சது வெர்லா. லீவர் பாதியிலயே நின்னுடுச்சு. எடுத்துப் பாக்கணும்னு தோணுச்சு. நீதான் பாத்துக் குடுத்திருக்கியே, உன் விரலு தப்பாதேன்னு சாய்ஞ்சு அமுக்கினேன். உள்ள போயிடுச்சு. ஆஸ்பத்திரியில கண்ண முழிச்சதும் எனக்கு மொத ஞாபகம் வந்ததே அந்த லீவர்தான். அதுக்குள்ள பய எதிர்ல நின்னு அழுதுக்கிட்டிருந்தான். நான் வாயத் தொறந்தேன், அவன் பேரு வந்துடுச்சு."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். கல்யாணம் ஆன நாற்பத்து மூன்று வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது, அவர் அம்மாவைப் புதைத்த அன்று மட்டும்தான்.

ஆக மூன்று பேர் வேலையில் தப்பு செய்தது இரண்டு பேர், கோல்பி. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சரியாகச் செய்த ஒருவன் தலையில் இறக்கிவைத்தோம். அதை நீ டுலூத் வரை சுமந்துகொண்டு போனாய்.

மத்தியானமே பட் வந்து, போட்டிக்கு எத்தனை தோட்டா ஆயிற்று என்று கேட்டார். "போட்டியும் இல்ல ஒண்ணும் இல்ல. எம் மகன் வீட்டுக்குப் போறேன்" என்றார் உன் அப்பா. "ஆறு வருஷமா போகாதவனுக்கு இப்ப என்னய்யா திடீர்னு?" என்றார் பட். உன் அப்பா வாளியைக் கொண்டுபோய்ப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லி பட் வண்டியிலேயே ஏற்றிவிட்டார். மேசை காலியாக இருக்கிறது, எனக்கு எங்கே உட்காருவதென்றே தெரியவில்லை.

புதன்கிழமை காலை கிளம்புகிறோம். வழியில் இரண்டு இடத்தில் தங்கி, வெள்ளிக்கிழமை மதியம் அங்கே வந்து சேருவோம். போனில் சொல்லலாமே என்று நீ நினைக்கலாம். போனில் சொன்னால் நீ "சரிம்மா, பரவால்லம்மா" என்று வைத்துவிடுவாய். உன் பரவாயில்லை எங்களுக்கு வேண்டாம். திட்டவேண்டும் என்றால் நேரில் திட்டு, நாங்கள் நின்று கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கூட்டை இந்த உறையிலேயே வைத்து அனுப்பலாம் என்றேன். "தபால்ல போற சாமானா அது? நான் அவன் கையில குடுக்கணும்" என்று சட்டைப்பையில் போட்டுப் பித்தானை மாட்டிக்கொண்டார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். உனக்கு அந்த அடுப்புப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

உங்கள் முகத்திலேயே முழிக்க விருப்பமில்லை என்று நீ கதவைத் திறக்காவிட்டாலும் சரிதான், தப்பாக நினைக்கமாட்டோம். வாசலில் ஜாம் பாட்டில்களை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். மரிசாவிடமும் குழந்தையிடமும் அன்பைச் சொல். நாளைக் காலை போட்டால் வியாழக்கிழமை இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். அப்படி வந்தால், அன்று சாயங்காலம் ஜூனியை நீயே குளிப்பாட்டு. தண்ணீர் சூட்டை உன் கையால் பார். என் விரலுக்குத்தான் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. உன் கைக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை எங்கள் வண்டி சத்தம் கேட்டதும், உனக்கு மனம் இருந்தால், அடுப்பை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வாசலுக்கு வா, மகனே.

அம்மாவும்,
உன் அப்பா ஆர்லோவும்